மெழுகில் பிறந்த மம்மி

ஜனக்புரியில் மாலை ஐந்து மணிக்கு மேல் பூங்காக்களில் பையன்கள் மட்டையும் பந்துமாக இறங்கிவிட்டால், இருட்டும் வரை நாலாபக்கத்து மாடிகளிலிருந்தும் தாய்மார்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கீழேயிருந்து வரும் பதில் ஒரே மாதிரி இருக்கும்: "ஆயா, மம்மி!" வந்துவிட்டேன் என்று பொருள், வர மாட்டான் என்பது வேறு விஷயம். பஞ்சாபிப் பையனும் வங்காளிப் பையனும் மாயவரத்துப் பையனும் இந்த விஷயத்தில் ஒன்று. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இதே ஜனக்புரியில்தான் இருக்கிறது. அங்கே அகர முதல எழுத்தெல்லாம் படித்துவிட்டு வரும் பிள்ளைகளில் பலருக்கும் வீட்டு வாசல்படி ஏறியதும் அம்மா மம்மியாகிவிடுகிறாள்.

ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாத்தாக்களுக்கு இது பொறுப்பதில்லை. அவர்களிடம் ஒரு பிரம்மாஸ்திரம் தயாராக இருக்கிறது. "மம்மி என்றால் என்ன தெரியுமா? எகிப்திலே கூம்புக்குள்ளே துணி சுற்றி வைத்திருக்கும் பிணம். பெற்றவளைப் பிணம் என்றா கூப்பிடுவது?" தமிழ்நாட்டில் பட்டிமன்றம் முதல் பள்ளி ஆண்டுவிழா வரை பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் வாதம் இது. கைத்தட்டல் நிச்சயம்.

கைத்தட்டல் வாங்குகிற வாதமெல்லாம் சரியான வாதமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அம்மாவைக் குறிக்கும் மம்மிக்கும் பிணத்தைக் குறிக்கும் மம்மிக்கும் பிறப்பு, வளர்ப்பு, உறவு எதிலும் சம்பந்தம் கிடையாது. ஆங்கிலத்துக்கு வெவ்வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்து, ஒரே உடுப்பு மாட்டிக்கொண்ட இரண்டு அந்நியர்கள் அவை. தமிழில் நதியும் ஆறு, ஐந்துக்கு அடுத்த எண்ணும் ஆறு. 'ஆறு மணி ஆகிவிட்டது' என்றால் காவிரியில் மணி அடிக்கிறது என்று யாரும் பொருள் கொள்வதில்லை.

அம்மா மம்மியின் கதை சின்னது. குழந்தை பால் குடிக்கும்போது உதடு மூடியிருக்கிறது. அப்போது எழக்கூடிய ஒலி மூக்கு வழியாக வரும் 'ம்' ஒன்றுதான். பிறகு பசி வந்தாலும் அதே ஒலியைத்தான் குழந்தை எழுப்புகிறது; தேவை எதுவானாலும் அதுவே கூப்பாடு. மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960-ல் வெளியான ஒரு கட்டுரையில் இந்த விஷயத்தை விளக்கியிருக்கிறார். உலகின் எத்தனையோ மொழிகளில் தாயைக் குறிக்கும் சொல்லில் 'ம்' ஒலி இருப்பதற்கு இதுவே காரணம் என்பது அவர் கட்சி. எல்லா மொழியிலும் என்று சொல்லிவிட முடியாது. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. ஆனால் தமிழ்ப் பாட்டிகள் யாகப்சனைப் படிக்காமலேயே இதை அறிந்தவர்கள். சோற்றுக்குக் குழந்தை மொழியில் அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மம்மு'. ஆக, அம்மா, மம்மா, மம்மி, மம்மு எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்தவை. தாத்தாவுக்குப் பேரன் 'அம்மா' என்று கூப்பிட வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்குத் தமிழ்ப் பற்று ஒன்றே போதுமான காரணம். பிணத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

அந்தப் பிணத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்பது பெரிய கதை. அதன் ஒரு நுனி ஜனக்புரி வீடுகளிலேயே கிடக்கிறது. கோடையில் மின்சாரம் போனால் எல்லா வீட்டிலும் தேடப்படுவது மோம்பத்தி. 'மோம்' என்றால் மெழுகு. இந்திக்குப் பாரசீகம் தந்த சொல். பாரசீகத்தில் 'மூம்'. அதிலிருந்து பிறந்தது 'மூமியாயி'. மெழுகு போன்றது என்று சொல்லலாம். அரபுக்காரர்கள் அதை 'மூமியா' என்றார்கள். மலைப்பாறை இடுக்குகளில் கசிந்து இறுகும் கருநிறப் பொருளுக்கு அது பெயர். கையில் வைத்தால் மெழுகாகக் குழையும். பிணத்துக்கும் அதற்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை.

பாரசீகத்தின் தாராப்கர்த் பகுதியில் ஒரு குகையில் கிடைத்த மூமியா மிக உயர்ந்தது என்று கருதப்பட்டது. அந்தக் குகைக்குக் காவல் போட்டிருந்தார்கள் என்றும், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து, கிடைக்கும் கொஞ்சத்தை எடுத்து முத்திரையிட்டு அரசனுக்கு அனுப்பினார்கள் என்றும் 10-ம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர்கள் எழுதிவைத்தார்கள். எலும்பு முறிவு, அடிபட்ட வீக்கம், ரத்தக் கசிவு எல்லாவற்றுக்கும் அது மருந்து. இப்னு சீனாவின் மருத்துவ நூலிலும் மூமியாவுக்கு இடம் உண்டு. தேவை அதிகம், சரக்கு குறைவு. எந்தச் சந்தையிலும் இந்த நிலைமையில் என்ன நடக்குமோ அதுவே நடந்தது: மாற்றுச் சரக்கு தேடப்பட்டது.

எகிப்தின் பழைய கல்லறைகளில் கிடந்த உடல்களின் மண்டையிலும் வயிற்றிலும் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒன்று உறைந்திருந்தது. பார்வைக்கு மூமியா போலவே இருந்தது. 1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எகிப்தில் இருந்த பாக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீப் இதைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். நாட்டுப்புறத்து ஆட்கள் கல்லறையிலிருந்து சுரண்டி எடுத்து நகரத்துக்குக் கொண்டுவந்து விற்றார்கள். அந்தப் பொருள் நிறைந்த மூன்று தலைகளை அரை திர்ஹம் கொடுத்து அவரே வாங்கினார். ஆனால் அவர் கவனமானவர். மூமியா என்பது மலையில் கசிவது, இது அதைப் போன்றது என்று பிரித்துச் சொன்னார்.

அந்தப் பிரிவினையை அழித்தது மொழிபெயர்ப்பு. 12-ம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோ நகரில் உட்கார்ந்து அரபு நூல்களைக் குவியல் குவியலாக லத்தீனில் பெயர்த்தவர் கிரெமோனாவின் ஜெரார்ட். அவருடைய உழைப்பு இல்லாவிட்டால் ஐரோப்பிய மருத்துவக் கல்வி பல தலைமுறை பின்தங்கியிருக்கும். ராஸி எழுதிய மருத்துவ நூலைப் பெயர்த்தபோது அவருக்கு 'மூமியா' என்ற சொல் எதிர்ப்பட்டது. பாரசீக மலைகளை அவர் அறியார். பிணங்களைக் கரிய போளத்துடன் சேர்த்துப் புதைக்கும் நாடுகளில் கிடைப்பது, பிணத்திலிருந்து வடியும் நீர் அந்தப் போளத்தோடு கலந்து மாறி உண்டாவது என்று ஒரு விளக்கம் கொடுத்தார். அவ்வளவுதான். மலையின் கசிவு மனிதனின் கசிவாகிவிட்டது.

ஒரு சொல்லுக்குத் தவறான விளக்கம் கொடுத்தால் வாசகர் கடிதம் வரும், அதிகம் போனால் ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கும் என்றுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஜெரார்டின் விளக்கத்தை நம்பி ஐரோப்பா சுமார் 500 ஆண்டுகள் பிணம் தின்றது. இதில் மிகை இல்லை. மருந்துக் கடைகளில் ஜாடி ஜாடியாக 'மூமியா' விற்றது. முதலில் பிணத்தின் உள்ளே இருந்த பிசினை விற்றார்கள். அது தீர்ந்ததும் பிணத்தையே பொடித்து விற்றார்கள். 16-ம் நூற்றாண்டில் பிரான்சை ஆண்ட மன்னர் முதலாம் பிரான்சுவா, எங்கேயாவது விழுந்து அடிபட்டால் உதவும் என்று மூமியாவையும் ரேவல்சின்னிப் பொடியையும் கலந்து எப்போதும் கூடவே எடுத்துச் சென்றாராம்.

பழைய பிணங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு அல்லவா? 1564-ல் அலெக்சாந்திரியா சென்ற ஒரு பிரெஞ்சு மருத்துவர், அங்கே ஒரு வியாபாரியிடம் சரக்கைக் காட்டச் சொன்னார். முப்பது நாற்பது உடல்கள் அடுக்கியிருந்தன. எந்த அரச வம்சத்தவை என்று கேட்டதற்கு வியாபாரி சிரித்துவிட்டார். நாலு வருஷத்துக்குள் தானே தயாரித்தவை அவை என்றார். அடிமைகள், அநாதைகள், எந்த நோயில் செத்தவர்களோ தெரியாது. இந்தச் சம்பவத்தை எழுதிவைத்தவர் ஆம்புருவாஸ் பாரே. பிரெஞ்சு மன்னர்களின் அறுவை சிகிச்சை நிபுணர். மூமியாவால் நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை, வாந்தியும் வயிற்றுவலியும்தான் மிச்சம் என்று 1582-ல் அவர் தனிப் புத்தகமே போட்டார். யார் கேட்டார்கள்? ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்தின் 1924-ம் ஆண்டு விலைப்பட்டியலில்கூட அசல் எகிப்து மூமியா இருந்தது. ஓவியர்களுக்காகப் பிணப்பொடியில் தயாரித்த பழுப்பு வண்ணம் தனி. தன் வண்ணக் குழாயில் இருப்பது மெய்யாகவே மனித உடல் என்று தெரியவந்தபோது ஆங்கில ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் அதைத் தோட்டத்தில் குழி தோண்டி மரியாதையோடு அடக்கம் செய்துவிட்டார்.

இப்படி மருந்தின் பெயர், மருந்து எடுக்கப்பட்ட உடலின் பெயராக ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்திலும் முதலில் 'மம்மி' என்றால் மருந்துதான். உடல் என்ற பொருள் பிறகு வந்தது. எகிப்தியருக்கு இந்தச் சொல்லே தெரியாது. மேன்மை அடைந்தவர் என்ற பொருள்படும் 'சாஹ்' என்பது அவர்கள் வைத்த பெயர். அவர்களுடைய வேலைக்கு ஆதாரம் மெழுகோ கீலோ அல்ல, நாட்ரான் என்ற உப்பு. உடலில் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். சோடியத்துக்கு நாட்ரியம் என்ற லத்தீன் பெயர் வந்தது இந்த உப்பிலிருந்துதான். பிறகு எண்ணெய், மரப்பிசின், துணிச்சுற்று. மொத்தம் 70 நாள். பழைய காலத்து உடல்கள் கறுத்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிசினும் எண்ணெயும். நிலக்கீல் அதிகமாகப் புழங்கியது பிற்காலத்தில். ஆனால் வேடிக்கை ஒன்று உண்டு. 2001-ல் வெளியான வேதியியல் ஆய்வு பல உடல்களில் தேன்மெழுகு இருந்ததைக் காட்டியது. ஊர் மாறி, பொருள் மாறி, தப்புத் தப்பாகப் போய்ச் சேர்ந்த மெழுகுச் சொல் தற்செயலாகச் சரியான இடத்தில்தான் ஒட்டியிருக்கிறது.

மொழிபெயர்ப்புத் தவறு இதோடு முடியவில்லை. எகிப்தின் சக்காராவில் உடல்களைப் பதப்படுத்திய பட்டறை ஒன்று 2016-ல் கண்டுபிடிக்கப்பட்டது. கி.மு. 7, 6-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. அங்கே கிடைத்த பானைகளில் உள்ளே என்ன இருக்கிறது, எந்த உறுப்புக்குப் பூச வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது. 'அந்தியு' என்ற எகிப்தியச் சொல்லை அறிஞர்கள் நெடுங்காலமாக வெள்ளைப்போளம் அல்லது சாம்பிராணி என்றே பெயர்த்துவந்தார்கள். 2023-ல் வெளியான ஆய்வில் 'அந்தியு' பானைகளைச் சோதித்தால், தேவதாரு இன மர எண்ணெய்களும் விலங்குக் கொழுப்பும் கலந்த கலவை! அதே பட்டறையில் தமர் என்ற பிசினும் அகப்பட்டது. தமிழில் குங்கிலியம் என்று சொல்லும் வகையறா அது. தென்கிழக்கு ஆசிய மழைக்காடுகளிலிருந்து அத்தனை தூரம் போயிருக்கிறது.

மூமியா இந்தியாவுக்கும் வந்தது. இங்கே அதன் கதை தலைகீழாகப் போயிற்று. யுனானி ஹகீம்களுக்கு அது மலைக்கசிவு மருந்தாகவே இருந்தது, அதனால் ஆபத்தில்லை. ஆனால் பிணச்சரக்கு என்ற செய்தியும் எப்படியோ பரவிவிட்டது. 1890-களில் வட இந்திய மக்களின் நம்பிக்கைகளைத் தொகுத்து வெளியிட்ட ஆங்கிலேய அதிகாரி வில்லியம் குரூக் 'மோமியாய்' பற்றிய பீதியைப் பதிவுசெய்திருக்கிறார். சிறுவர்களைப் பிடித்துக்கொண்டு போய், உச்சந்தலையில் துளை போட்டு, நெருப்புக்கு மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக மோமியாய் எடுக்கிறார்கள். அதற்கென்றே 'மோமியாய்வாலா சாகிப்' ஒருவர் இருக்கிறார் என்று நம்பிக்கை. தமிழ்நாட்டில் பாலம் கட்டப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று கிளம்பும் வதந்திக்கு அண்ணன் முறை. பிளேக் காலத்தில் மருத்துவமனைகளைச் சுற்றியும் இதே ரகப் பேச்சு எழுந்தது. 1896 அக்டோபரில் பம்பாய் ஆர்தர் ரோடு மருத்துவமனையை ஆலைத் தொழிலாளர்கள் கூட்டமாகத் தாக்கிய அளவுக்கு அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி பயம் முற்றியிருந்தது. படிக்காத ஜனங்களின் மூடநம்பிக்கை என்று வெள்ளைக்காரர்கள் எழுதினார்கள். வெள்ளைக்காரன் மனித உடலை மருந்தாக்குகிறான் என்ற பாமரனின் சந்தேகத்தில் பாதி உண்மை என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் தாத்தாவின் தாத்தா சாப்பிட்டவர்.

மலைக்கசிவு மருந்தை வடமொழி 'சிலாஜது' என்கிறது. சிலா கல், ஜது அரக்கு: கல்லரக்கு. பாண்டவர்களைக் கொளுத்தக் கட்டிய அரக்கு மாளிகையின் பெயரிலும் இதே ஜது இருக்கிறது. நிலக்கீலைக் குறிக்கும் 'பிட்டுமென்' என்ற லத்தீன் சொல்லும் ஜதுவும் ஒரே வேரில் பிறந்தவை என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர் கருத்து. கோடை வெயிலில் காயும் பாறைகளிலிருந்து வடிவது என்றும், பொன், வெள்ளி, செம்பு, இரும்பு என்று பாறையின் உலோகத்தைப் பொறுத்து நான்கு வகை என்றும் சரகர் நூல் பிரிக்கிறது. ரஷ்யர்கள் இதை இன்றும் 'மூமியோ' என்றே சொல்கிறார்கள். தமிழ் மருத்துவம் வைத்த பெயர் கன்மதம். யானைக்கு மதம் ஒழுகுவது போலக் கல்லுக்கு ஒழுகுவது. வந்த பெயர்களிலேயே இதுதான் அழகு. இந்த மருந்துகளின் ஆராய்ச்சியைக் கவனிக்கும் மத்திய ஆயுர்வேத கவுன்சிலுக்கும் யுனானி கவுன்சிலுக்கும் தலைமையகம், பையன்கள் 'மம்மி' என்று கத்தும் அதே ஜனக்புரியில், டி பிளாக்குக்கு எதிரே. வடமொழிக்கான மத்தியப் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே. சித்த மருத்துவமும் 2010 வரை இங்கிருந்தே நிர்வாகமானது. இப்போது சென்னைக்குப் போய்விட்டது.

சரி, எகிப்து உடலைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'பாடம் செய்த உடல்' என்று எழுதுபவர்கள் உண்டு. புகையிலையைப் பக்குவம் செய்வதற்கும், வேட்டையாடிய புலித்தலையைச் சுவரில் மாட்டத் தயார் செய்வதற்கும் வழங்கும் நல்ல சொல் அது. தில்லியில் வளரும் பிள்ளைக்குப் பாடம் என்றால் புத்தகத்தில் இருப்பது மட்டுமே. உடல் என்ன பாடம் நடத்தியது என்று கேட்கும். 'பதப்படுத்திய உடல்' என்றால் எல்லோருக்கும் விளங்கும், ஆனால் மீன் டப்பா ஞாபகம் வரும். மனிதர்கள் விஷயத்தில் மரியாதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் ராமானுஜர் சன்னிதியில் இருப்பது அவருடைய திருமேனியே என்பது வைணவர் நம்பிக்கை. பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாற்றி வழிபடுகிறார்கள். 'தானான திருமேனி' என்பது அதற்கு வழங்கும் பெயர். அதை மம்மி என்று எழுத எந்தத் தமிழனின் கையும் எழாது. இமாசலத்தின் ஸ்பிதி பகுதியில் கியூ கிராமத்தில் உட்கார்ந்த நிலையிலேயே இருக்கும் பௌத்தத் துறவி சங்கா டென்சினின் உடலை மட்டும் பத்திரிகைகள் 'கியூ மம்மி' என்று எழுதிவிடுகின்றன. அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் லாமா.

உடலைக் காக்கும் வழக்கம் இதிகாசத்துக்கும் புதிதல்ல. பரதன் கேகயத்திலிருந்து வரும் வரை தசரதன் உடலை எண்ணெய்த் தொட்டியில் இட்டுக் காத்ததாக வால்மீகி சொல்கிறார். புராணத்தில் இன்னும் விசேஷமான கதை இருக்கிறது. வசிஷ்டர் சாபத்தால் வேள்வியின் நடுவில் உயிர் நீங்கியவன் நிமி என்ற அரசன். வேள்வி முடியும் வரை முனிவர்கள் அவன் உடலை வாசனைத் தைலங்களில் கெடாமல் வைத்திருந்தார்கள். முடிந்ததும் தேவர்கள் உயிரைத் திருப்பித் தர முன்வந்தார்கள். நிமி வேண்டாம் என்றுவிட்டான். மறுபடி உடம்புக்குள் புகுந்து மறுபடி பிரிவதா என்பது அவன் கட்சி. அவன் உயிர்களின் இமைகளில் குடியேறினான். இமை கொட்டும் நேரத்துக்கு நிமிஷம் என்ற பெயரை அவனோடு சேர்த்துச் சொல்வார்கள். நாட்டுக்கு அரசன் வேண்டுமே என்று முனிவர்கள் அந்த உடலைக் கடைந்தார்கள். ஒரு பிள்ளை பிறந்தது. கடைந்து பிறந்ததால் மிதிலன். உடல் அற்றவனுக்குப் பிறந்ததால் வைதேகன். விசித்திரமாக ஜனித்ததால் ஜனகன். அவன் வழிவந்த அரசர்களுக்கெல்லாம் பிறகு அதுவே பட்டப்பெயர், சீதையின் தந்தைக்கும். அந்தப் பெயரைத்தான் ஜனக்புரிக்கும் வைத்திருக்கிறார்கள்.

எழுத்து விஷயத்தில் இந்திக்காரர்கள் ஒரு வழி செய்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இரட்டை 'ம' போட்டு மம்மி. கல்லறை உடலுக்கு ஒற்றை 'ம' போட்டு மமி. 2020 ஆகஸ்டில் ஜெய்ப்பூரில் பேய்மழை கொட்டி ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்தபோது, அங்கிருந்த துது என்ற எகிப்தியப் பெண்ணின் உடலைக் கண்ணாடிப் பெட்டியை உடைத்து எடுத்துக் காப்பாற்றினார்கள். இந்தியில் எழுதியவர்களுக்கு மமி என்ற சொல் தயாராக இருந்தது. தமிழில் இரண்டுக்கும் ஒரே மம்மிதான்.